வாடலும் வேரழுகலும் வருமுன்: சூடோமோனாஸ் கொடுக்கும் முழு வழிமுறை

பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி வைப்பவர்களில் பலர், வேரை நோய்ப் பூஞ்சையிடமிருந்து காக்கும் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கேட்டு உரக்கடைக்குப் போவது, செடி வாடத் தொடங்கிய பிறகுதான். அந்த நேரத்தில் வாங்கி ஊற்றினால் வாடிய செடி எழுந்திருக்காது. "இதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்று முடிவு கட்டிவிட்டு, அடுத்த பட்டத்தில் அந்தப் பொட்டலத்தைத் தொடுவதே இல்லை.

இந்த பாக்டீரியா வேரில் முதலில் குடியேறியிருக்க வேண்டும். நோய்ப் பூஞ்சை அதற்குப் பிறகுதான் வந்து சேர வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே இந்த முன்பின் வரிசையைக் காப்பாற்றத்தான். தக்காளியையும் நிலக்கடலையையும் வைத்துச் சொல்கிறேன். மிளகாய், கத்தரிக்குத் தக்காளி முறையே பொருந்தும். மஞ்சளுக்கு உள்ள வேறுபாட்டை விதை நேர்த்தியில் சொல்கிறேன்.

1. செடி எதனால் சாகிறது?

வாடிய செடி எல்லாம் பூஞ்சையால் வாடியதாகாது. காரணம் தெரியாமல் பொட்டலம் வாங்கினால் பணமும் பட்டமும் வீண். அதனால் அடுத்த பயிருக்குத் திட்டமிடும் முன், இப்போது நிற்கும் பயிரிலேயே நாலைந்து செடிகளை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். இழுத்தால் வேர் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும்; மண்வெட்டியால் சுற்றித் தோண்டி எடுங்கள்.

தக்காளித் தண்டை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடுகிறதா? கீழ் இலைகள் முதலில் மஞ்சளாகி, சில சமயம் செடியின் ஒரு பக்கம் மட்டும் வாடி, பல நாளில் மெல்லச் சாகிறதா? அது பெரும்பாலும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடல்.

இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று துவண்டு விழுந்தால் பாக்டீரியா வாடலைச் சந்தேகிக்க வேண்டும். அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுவாய் தண்ணீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து வெண்மையான இழை கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்த வயலில் சூடோமோனாஸை மட்டும் நம்பித் தக்காளி வைக்கச் சொல்ல மாட்டேன். பயிரை மாற்றுவதும் வடிகாலைச் சரிசெய்வதும்தான் அங்கே முதல் வேலை.

நிலக்கடலையில் தூர்ப் பகுதியில் வெள்ளைப் பூசண இழையும், கடுகு அளவில் பழுப்பு உருண்டைகளும் தெரிந்தால் அது ஸ்கிளரோசியம் என்ற பூஞ்சையின் தண்டழுகல். வேர்ப்பட்டை நார் நாராக உரிந்து, உள்ளே நுண்ணிய கரும்புள்ளிகள் இருந்தால் மேக்ரோபோமினா பூஞ்சையின் வேரழுகல். மழை தள்ளிப்போய் மண் சூடேறும்போது இது கூடும்.

வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. அது வேர்முடிச்சு நூற்புழு. புழு போட்ட காயம் வழியாகத்தான் வாடல் பூஞ்சை எளிதாக உள்ளே நுழைகிறது. நூற்புழுவை விட்டுவிட்டுப் பூஞ்சைக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் பாதி வேலைதான் ஆகும்.

இலைச்சுருள் போன்ற நச்சுயிரி (வைரஸ்) நோய்க்குச் சூடோமோனாஸை நம்பி இருக்க வேண்டாம்.

2. வேரில் என்ன நடக்கிறது

செடியின் வேர் சர்க்கரையும் அமினோ அமிலமும் கலந்த சாற்றைக் கசிந்துகொண்டே இருக்கிறது. அதை உண்ணத்தான் நல்ல பாக்டீரியாவும் வருகிறது, நோய்ப் பூஞ்சையும் வருகிறது. சூடோமோனாஸ் முந்திக்கொண்டால் வேர்த்தோலில் படர்ந்து இடத்தைப் பிடித்துவிடுகிறது. மண்ணில் உள்ள இரும்புச்சத்தைப் பற்றிக்கொள்ளும் சிடரோஃபோர் என்ற பொருளைச் சுரந்து, பூஞ்சைக்கு இரும்பு கிடைக்காமல் செய்கிறது. பூஞ்சை வளர்ச்சியைத் தடுக்கும் நச்சுப் பொருள்களையும் வெளிவிடுகிறது. இவை போக, செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் முன்கூட்டியே உசுப்பிவிடுகிறது.

இவை எல்லாமே பூஞ்சை வேருக்குள் போவதற்கு முன் நடப்பவை. ஃபியூசேரியம் தண்டின் நீர்க்குழாய்க்குள் ஏறி அடைத்துவிட்ட பிறகு, வெளியே வேர்மேல் இருக்கும் பாக்டீரியாவால் அதை இறக்க முடியாது. வாடிய செடிக்கு ஊற்றிப் பயனில்லை என்பது இதனால்தான். அதன் பக்கத்தில் நிற்கும் நல்ல செடிகளுக்கு ஊற்றலாம்.

3. முன்கூட்டியே வாங்க வேண்டியவை, பார்க்க வேண்டியவை

சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் டால்க் தூளாகவும் திரவமாகவும் கிடைக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட வகைக்கு பிஎஃப் 1 என்று பெயர். தர்மபுரிக்காரர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும், கிருஷ்ணகிரிக்காரர்கள் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும், எங்கே இருப்பு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வாங்குவது நல்லது.

பொட்டலத்தைத் திருப்பி மூன்றைப் பாருங்கள்: தயாரித்த தேதி, காலாவதித் தேதி, ஒரு கிராமில் எத்தனை உயிரணு என்ற எண். தேதிதான் மிக முக்கியம். சூடோமோனாஸ் வறட்சியைத் தாங்கும் வித்துகளை உண்டாக்காத பாக்டீரியா. நாளாக ஆக அதன் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். காலாவதிக்கு ஒரு மாதம் இருக்கும் பொட்டலத்தைவிட, போன மாதம் தயாரானதைக் கேட்டு வாங்குங்கள். கடையில் வெயில் படும் அலமாரியில் இருந்ததை வாங்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தகரக் கொட்டகையிலோ பூச்சிமருந்து டப்பாக்களுக்கு நடுவிலோ வைக்காமல், குளிர்ந்த நிழலில் வையுங்கள்.

இதே வேலைக்குக் கிடைக்கும் இன்னொரு நல்ல பாக்டீரியா பேசில்லஸ் சப்டிலிஸ். அது வித்துகளை உண்டாக்கும். சூட்டையும் வறட்சியையும் அதிகம் தாங்கும். தளி, தேன்கனிக்கோட்டை போன்ற குளிர்ச்சியான பக்கங்களில் சூடோமோனாஸ் நன்றாகவே நிற்கும். அரூர், மொரப்பூர் பக்கத்து வெயிலில், அதுவும் மானாவாரியில், பேசில்லஸ் வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. கொடுக்கும் வரிசை இரண்டுக்கும் ஒன்றுதான்.

கலக்குவதற்குக் கிணற்றுத் தண்ணீர் அல்லது போர் தண்ணீர் எடுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாயில் வருவது குளோரின் கலந்த தண்ணீர். குளோரின் கிருமியைக் கொல்லப் போடுவது; நம் பாக்டீரியாவையும் அது விட்டுவைக்காது. வேறு வழியில்லை என்றால் வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பூச்சிமருந்து கலக்கிய வாளியும் மருந்து அடித்த டேங்க்கும் வேண்டாம். இதற்கென்று ஒரு வாளியை ஒதுக்கிவிடுங்கள்.

4. மண்ணைத் தயார் செய்தல்

சித்திரை, வைகாசியில் கோடை உழவு ஆழமாக ஓட்டுங்கள். மேல்மண்ணில் கிடக்கும் ஸ்கிளரோசிய உருண்டைகள் அடியில் புதைந்து போகும். அந்தப் பூஞ்சைக்குக் காற்று தேவை, ஆழத்தில் அதனால் எளிதில் முளைக்க முடியாது.

அடுத்தது வடிகால். மேட்டுப்பாத்தி அமைத்து, மழைத் தண்ணீர் வயலை விட்டு வெளியேற வழி வெட்டுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் வேர் மூச்சு முட்டிப் பலவீனமாகும். நாற்றழுகலும் கிழங்கழுகலும் உண்டாக்கும் பித்தியம் என்ற நோய்க்கிருமி, ஈரத்தில் நீந்திப் பரவும். அங்கே எத்தனை கிலோ சூடோமோனாஸ் போட்டாலும் பலன் குறைவு.

சொந்தமாக நாற்றங்கால் போடுபவர்கள், பாத்தியை நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து, கோடையில் 4 முதல் 6 வாரம் விடலாம். ஆனால் தாளை எடுத்த பிறகு பாத்தியைச் சும்மா போட்டு வைக்காதீர்கள். சூட்டில் கெட்டதோடு நல்லதும் குறைந்திருக்கும். அந்தக் காலி இடத்தை யார் முதலில் பிடிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் பாத்தி. தாளை எடுத்து மண் ஆறியவுடனே தொழுவுரத்தோடு சூடோமோனாஸைத் தூவிக் கொத்திவிடுங்கள். சதுர மீட்டருக்கு 10 கிராம் போதும்.

5. தொழுவுரத்தோடு கலந்து வயலில் இடுதல்

ஏக்கருக்கு 1 கிலோ சூடோமோனாஸ் தூள், குறைந்தது 20 கிலோ தொழுவுரம். வெறும் தூளைத் தூவினால் ஒரு ஏக்கருக்குச் சமமாகப் பரவாது. அதோடு உரத்தின் ஈரம் பாக்டீரியாவைக் காயவிடாமல் காக்கும்.

தொழுவுரம் நன்றாக மக்கியிருக்க வேண்டும். கையை விட்டால் சூடு தெரியக் கூடாது, சாண வாடை அடிக்கக் கூடாது. மக்காத சாணக் குவியலின் உள்ளே இருக்கும் சூட்டில் கலப்பது, கொதிக்கும் பாலில் உறை மோர் ஊற்றுவதற்குச் சமம். உரத்தைக் கைப்பிடியில் அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. ஈரம் அந்த அளவுக்குப் போதும்.

கடைசி உழவில், மாலை வேளையில், மண்ணில் ஈரம் இருக்கும்போது தூவி உடனே மண்ணுக்குள் போகும்படி செய்யுங்கள். வெயிலில் மேலே கிடந்தால் புற ஊதாக் கதிரும் வறட்சியும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். காலை பத்து மணிக்குத் தூவிவிட்டு மறுநாள் உழுபவர்களைப் பார்க்கிறேன். அந்த உழைப்பு முழுக்க வீண்.

டிரைக்கோடெர்மாவையும் சேர்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். டிரைக்கோடெர்மா ஒரு நன்மை செய்யும் பூஞ்சை. அது மக்கிய உரத்தில் வளரும். அதனால் அதை உரத்தில் கலந்து, நிழலில் ஈரச் சாக்குப் போட்டு மூடி, 15 நாள் பெருகவிட்டு வயலில் இடலாம். சூடோமோனாஸின் இடம் விதையும் வேரும். இரண்டையும் பயன்படுத்துவதானால், உரத்துக்கு டிரைக்கோடெர்மா, விதைக்கும் நாற்றுக்கும் சூடோமோனாஸ் என்று பிரித்துக்கொள்வதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். ஒரே வாளியில் கலக்கினால் சில வகைகள் ஒன்றை ஒன்று அடக்கிவிடும்.

6. விதை நேர்த்தி

இதுதான் செலவு குறைந்த படி, பலன் அதிகம் தரும் படி. விதை முளைத்து முதல் வேர் விடும்போதே பாக்டீரியா அதன் மேல் இருக்கும். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ்.

நிலக்கடலையில் புதியவர்கள் தவறுவது இங்கேதான். பருப்பின் மேல் தண்ணீரை ஊற்றி, தூளைக் கொட்டி, இரண்டு கையாலும் பிசைகிறார்கள். செந்தோல் உரிந்துவிடுகிறது. தோல் உரிந்த பருப்பு மண்ணுக்குள் போனதும் அழுகல் பூஞ்சைக்கு அதுவே வாசல். அதனால் பருப்பைச் சாக்கின் மேல் பரப்பி, ஆறிய அரிசிக் கஞ்சியை லேசாகத் தெளித்து, தூளைத் தூவி, சாக்கின் இரண்டு முனைகளையும் மாறி மாறித் தூக்கி உருட்டுங்கள். எல்லாப் பருப்பிலும் மெல்லிய பூச்சு ஏறிவிடும். நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதையுங்கள்.

வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் ரைசோபியம் பாக்டீரியாவையும் போடுகிறீர்கள் என்றால் முதலில் சூடோமோனாஸ், அது உலர்ந்த பிறகு ரைசோபியம். பூஞ்சைக்கொல்லி நேர்த்தியையும் நுண்ணுயிர் நேர்த்தியையும் ஒரே விதையில் சேர்க்க வேண்டாம். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மானாவாரியில் மழைக்குக் காத்திருந்து, மூன்று நாளைக்கு முன்பே நேர்த்தி செய்து வைப்பதும் வழக்கமாகிவிட்டது. பூசிய பாக்டீரியா விதையின் மேல் காய்ந்து செத்துப் போகும். மழை பெய்து, மண் பதம் வந்து, ஏர் கட்டும் நாளில் காலையில் செய்வதே சரி.

கம்பெனி ஒட்டுரகத் தக்காளி விதை சாயம் பூசி மருந்தோடு வருகிறது. அதன் மேல் பாக்டீரியா பூசிப் பலன் இல்லை. அதற்கு ஈடாக அடுத்த படியை விடாமல் செய்யுங்கள்.

மஞ்சளுக்கு விதைக்கிழங்கை லிட்டருக்கு 10 கிராம் கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் நனைத்து, நிழலில் உலர்த்தி நடலாம். பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கம் மஞ்சள் வைப்பவர்கள் நனைப்பதற்கு முன் அழுகல் உள்ள கிழங்கைப் பொறுக்கித் தள்ள வேண்டும். ஒரு அழுகிய கிழங்கு அந்த அண்டா முழுவதையும் கெடுக்கும்.

7. நாற்றில் நனைத்தல்

இப்போது பெரும்பாலோர் குழித்தட்டு நாற்றைத்தான் நர்சரியில் வாங்குகிறார்கள். அந்தத் தேங்காய் நார்க் கழிவில் என்ன கலந்தார்கள், கடைசியாக என்ன மருந்து அடித்தார்கள் என்று கேளுங்கள். காப்பர் மருந்து ஊற்றியிருந்தால் நாற்றை உடனே நனைத்துப் பலனில்லை; சில நாள் நல்ல தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு நனையுங்கள்.

நடும் நாளில் லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் கரைத்து, அகலமான தொட்டியில் ஊற்றி, தட்டின் அடிப்பகுதி மூழ்கும்படி அரை மணி நேரம் வையுங்கள். நனைக்கும் முன் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். சற்றுக் காய்ந்த நார்க்கழிவுதான் கரைசலை உறிஞ்சிக்கொள்ளும். ஏற்கெனவே நிறைந்திருந்தால் உள்ளே போகாது. டால்க் அடியில் படியும் என்பதால் கரைசலை அவ்வப்போது கலக்கிவிடுங்கள்.

நனைத்த நாற்றைத் தோட்டத்து வரப்பில் வெயிலில் அடுக்கி வைக்காமல், மரநிழலில் வைத்து எடுத்து எடுத்து நடுங்கள். முடிந்தால் மாலை நடவு.

8. நட்ட பிறகு ஊற்றுவது

விதையிலும் நாற்றிலும் ஏறிய பாக்டீரியா, வேர் நீளும் வேகத்துக்கு எல்லா இடத்துக்கும் போய்விடாது. புது வேருக்குப் புதிதாகக் கொடுக்க வேண்டும். நட்டு 30-ஆம் நாள் வாக்கில் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை, லிட்டருக்கு 5 கிராம் கரைத்துச் செடிக்கு 50 முதல் 100 மில்லி தூரில் ஊற்றலாம். பூ எடுக்கும் முன் கட்டாயம் ஒரு முறை ஊற்றிவிடுங்கள். காய்ப்பாரம் ஏறும்போதுதான் வாடல் வெளியே தெரியும். பூஞ்சை உள்ளே போனது அதற்கு வெகு முன்னால்.

சொட்டுநீரில் விடுபவர்களுக்குத் தூள் தொல்லை. டால்க் துளைகளை அடைத்துவிடும். திரவ வகை வாங்குவது நல்லது. தூள்தான் இருக்கிறது என்றால் வாளியில் நன்றாகக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் தண்ணீரைப் பருத்தித் துணியில் வடிகட்டி வென்சுரியில் (கரைசலைக் குழாய்க்குள் இழுத்துவிடும் கருவி) விடுங்கள். அடியில் நின்ற மண்டியிலும் பாக்டீரியா இருக்கும்; அதை உரக்குழியில் கொட்டலாம்.

விடும் முறையும் முக்கியம். முதலில் வெறும் தண்ணீர் ஓடி மண் நனைய வேண்டும். நடுவில் கரைசலை விடுங்கள். கடைசியில் குழாயில் நிற்பது வெளியேறும் அளவுக்கு மட்டும் கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர். அதிக நேரம் ஓட்டினால் வேர் இருக்கும் ஆழத்தைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். உப்போ பாசியோ படிந்தால் நம் பக்கம் குழாய்க்கு அமிலமோ குளோரினோ விட்டுச் சுத்தம் செய்வார்கள். அதைச் செய்த வாரத்தில் பாக்டீரியா விட வேண்டாம்.

9. கூடச் சேர்க்கக் கூடாதவை

காப்பர் ஆக்சிகுளோரைடு, போர்டோ கலவை, ஆன்டிபயாடிக் மருந்துகள், பிளீச்சிங் பவுடர் – இவை பாக்டீரியாவை நேரடியாகக் கொல்பவை. இவற்றில் ஒன்றை மண்ணில் ஊற்றினால் இரண்டு வாரம் கழித்துத்தான் சூடோமோனாஸ் கொடுக்க வேண்டும். வயலில் வாடல் தெரிந்ததும் பதறிப்போய்க் காலையில் காப்பரும் மாலையில் சூடோமோனாஸும் ஊற்றுவது நடக்கிறது. இரண்டாவது வாளிக்குச் செலவழித்தது அத்தனையும் மண்ணோடு போனது.

யூரியா, டிஏபி, பொட்டாஷ் கரைசலோடும் ஒரே டேங்க்கில் கலக்காதீர்கள். உப்புச் செறிவு பாக்டீரியாவுக்கு ஆகாது. இடையில் சில நாள் விடுங்கள். வேப்பம் புண்ணாக்கைத் தனியாக அடியுரமாகப் போடலாம். நூற்புழு உள்ள வயலில் அது துணை செய்யும்.

10. நாலு வரிசையை விட்டுவையுங்கள்

பலன் இருந்ததா என்று தெரிய ஒரே வழி, கொடுக்காத செடிகளோடு ஒப்பிடுவது. நடுவயலில் நாலு வரிசைக்கு எதுவும் கொடுக்காமல், குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். ஓர வரிசை வேண்டாம்; அங்கே தண்ணீரும் வெயிலும் வேறு மாதிரி இருக்கும். மாதம் ஒரு முறை இரண்டு பக்கமும் நூறு நூறு செடியில் எத்தனை செத்தன என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள்.

முழுக்கச் சாவு நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பூஞ்சை நிறைந்த வயலில், கொடுத்த பக்கமும் சில செடிகள் போகும். வித்தியாசமே இல்லை என்றால் பொட்டலத்தின் தேதி, கலக்கிய தண்ணீர், இடையில் ஊற்றிய மருந்து என்ற வரிசையில் திரும்பிப் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் பலனில்லை என்றால், முதல் படிக்குப் போய் டம்ளர் சோதனையையும் வேர்முடிச்சையும் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

11. அறுவடைக்குப் பின்

செத்த செடிகளைப் பிடுங்கி வரப்பிலோ வாய்க்காலிலோ போடாதீர்கள். அடுத்த மழையில் அதே பூஞ்சை வயலுக்குள் வரும். வயலுக்கு வெளியே எரித்துவிடுங்கள். உரக்குழியிலும் போட வேண்டாம்.

தக்காளிக்குப் பின் மீண்டும் தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம். ஃபியூசேரியம் வாடல் வந்த வயலில் கேழ்வரகோ சோளமோ போடலாம். தக்காளியைத் தாக்கும் அந்த வகை இவற்றைத் தாக்குவதில்லை. ஆனால் தண்டழுகலின் ஸ்கிளரோசியம் அப்படியல்ல. அது கேழ்வரகையும் தாக்கும். அந்தப் பூஞ்சை உள்ள நிலத்தில் கேழ்வரகு போட்டால் போதும் என்று இருந்துவிடாமல், கோடை உழவை ஆழமாக ஓட்டிவிட்டு அடுத்த விதையை எடுங்கள்.